பாய்மரப் படகு வடிவமைப்பு: கரையில் கண்ணுக்குப் படாத தவறுகள்

நெடுந்தூரம் போகும் பெரிய பாய்மரப் படகை வரையும்போது, அது துறையில் நிமிர்ந்து நிற்பதாகவே நம் மனம் நினைத்துக்கொள்கிறது. கடலிலோ அது 20 டிகிரி சாய்ந்தபடி நாள்கணக்கில் ஓடும். அதனால் வரைபடத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்துப் பாருங்கள். பாதித் தவறுகள் அப்போதே தெரிந்துவிடும்.

பெரிய தவறு, எடையை உயரத்தில் ஏற்றுவது. நீர்மட்டத்துக்கு 20 மீட்டர் மேலே, பாய்மர உச்சியில் 30 கிலோ கருவிகளை மாட்டினால், அதை ஈடுகட்ட 2 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 300 கிலோ ஈயம் வேண்டும். பாய்மரத்துக்குள்ளேயே பாயைச் சுருட்டிவைக்கும் அமைப்பு கையாள வசதிதான். ஆனால் பலத்த காற்றில் பாயைச் சுருட்டினாலும் அதன் எடை கீழே இறங்காது, மேலேயே இருக்கும்.

அடுத்தது, சாய்ந்த படகு எந்தக் கோணம் வரை தானாக நிமிரும் என்பதை ஒரே ஒரு நிலைக்கு மட்டும் கணக்கிடுவது. 2024 ஆகஸ்ட் 19 அதிகாலையில் சிசிலியின் போர்ட்டிசெல்லோ அருகே நங்கூரமிட்டிருந்த 56 மீட்டர் உல்லாசப் படகு 'பேய்சியன்' மூழ்கி 7 பேர் இறந்தார்கள். அதன் ஒற்றைப் பாய்மரம் சுமார் 72 மீட்டர் உயரம். பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2025 மே மாதம் வெளியிட்ட இடைக்கால அறிக்கையைப் படித்தபோது மனம் கனத்துப்போனது. பாய்கள் இறக்கி, நடுப்பலகையை (படகின் அடியில் ஏற்றி இறக்கக்கூடிய பலகை) மேலே ஏற்றிய நிலையில் அந்தப் படகு 70.6 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் நிமிராது. பக்கவாட்டில் 63.4 நாட், அதாவது மணிக்குச் சுமார் 117 கிலோமீட்டர் காற்று அடித்தாலே கவிழக்கூடும். இந்த விவரம் படகிலிருந்த நிலைத்தன்மைக் கையேட்டில் இல்லை. பெருங்கடலைக் கடக்கும் படகுகளில் இந்தக் கோணம் 120 டிகிரி வரை இருக்கும் என எதிர்பார்ப்பது வழக்கம். எரிபொருள் குறைந்திருக்கும்போது, நடுப்பலகை மேலே இருக்கும்போது, பாயே இல்லாதபோது என்று ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, படகை ஓட்டுபவர் கையில் கொடுக்க வேண்டும். காற்றோட்டத் துளைகள் எந்தக் கோணத்தில் தண்ணீரில் மூழ்கும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

படகின் அடியில், அதை நிமிர்த்தி வைக்கும் எடையோடு இருக்கும் பகுதியான கீலுக்கு வருவோம். நம் பக்கத்து மரக்கலங்களின் ஏரா, கலத்தின் முதுகெலும்பு போல அதோடு ஒன்றாகவே இருக்கும். இன்றைய படகுகள் பலவற்றில் பல டன் எடையுள்ள கீல், சில போல்ட்டுகளின் பிடியில் தொங்குகிறது. 2014 மே மாதம் வட அட்லாண்டிக்கில் 'சீக்கி ரஃபிக்கி' என்ற பாய்மரப் படகு கீலை இழந்து கவிழ்ந்தது, அதிலிருந்த நான்கு பேரும் திரும்பவில்லை. முன்பு தரை தட்டியதும், அதற்குப் பிறகு நடந்த பழுதுபார்ப்பும் அடிப்பகுதியைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது விசாரணை. எந்தப் படகும் ஒரு நாள் தரை தட்டும். ஆகவே போல்ட் தலைகளையும் அவற்றைச் சுற்றியுள்ள இணைப்புகளையும் டார்ச் அடித்துப் பார்க்கும்படி தளப்பலகை கழற்றக்கூடியதாக இருக்கட்டும். அழகுக்காக அந்த இடத்தை நிரந்தரமாக மூடிவிடாதீர்கள்.

தண்ணீர்த் தொட்டியை அகலமாக ஒரே அறையாகச் செய்யாதீர்கள். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் சாயும் பக்கமே ஓடும். நடுவில் நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்தாலே அந்தப் பாதிப்பு கால்பங்காகக் குறையும்.

உள்ளே, சுற்றிவர நடக்கக்கூடிய பெரிய கட்டில் கண்காட்சியில் எல்லோரையும் கவரும். ஓடும் படகில் அதில் படுத்தால் உருண்டு விழ வேண்டியதுதான். தூங்குவதற்கு, ஆட்டம் குறைவான நடுப்பகுதியில் தடுப்புத்துணி கட்டிய ஒடுக்கமான படுக்கை வேண்டும்.

அப்புறம், சுக்கான் சக்கரத்தின் கம்பி அறுந்தால் மாட்டித் திருப்பும் அவசரக் கைப்பிடி. சில படகுகளில் அதை மாட்டும் இடம் பின்னறைக் கட்டிலுக்கு அடியில் இருக்கும். நள்ளிரவில் மெத்தையைத் தூக்கி, பலகையைக் கழற்றி, திசைகாட்டியே தெரியாமல் ஒருவர் அங்கே குனிந்து திருப்ப வேண்டும். அந்தக் கைப்பிடியை வரைபடத்திலேயே மாட்டிப் பார்த்து, அதன் வீச்சுக்கு இடம் விட்டு, அப்புறம் கட்டிலை வரையுங்கள்.