ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? முதலில் காது பழகட்டும்

ஊரில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, ஆபீஸில் பத்து வருடம் இங்கிலீஷிலேயே பேசியவர்கள்கூட இங்கே இறங்கிய முதல் வாரம் திகைத்துப் போகிறார்கள். உங்கள் இங்கிலீஷில் ஒரு குறையும் இல்லை. காதுக்குத்தான் கொஞ்ச நாள் வேண்டும்.

ஊர்ப் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. நாம் மெல்போர்ன் என்போம், இங்கே மெல்பன். பிரிஸ்பேன், பிரிஸ்பன் ஆகிவிடும். அதைவிடச் சிரமம் 'ஏ' என்ற ஒலி. பலர் வாயில் அது 'ஐ' போலவே விழும். 'டுடே' நம் காதுக்கு 'டுடை'. வந்த புதிதில் வாடகை வீடு பார்க்கப் போனபோது, போனில் ஒரு பெண்மணி தெருப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். அவர் சொன்ன 'ஏ'யை 'ஐ' என்று எழுதிக்கொண்டு அரை மணி நேரம் அலைந்தேன். இப்போதெல்லாம் "ஏ ஃபார் ஆப்பிளா?" என்று கேட்டுவிடுகிறேன். நீங்களும் கேளுங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

அப்புறம், வார்த்தைகளைச் சுருக்குவார்கள். மத்தியானம் 'ஆர்வோ', பெட்ரோல் பங்க் 'சர்வோ', பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் 'டிரேடி'. கடையில் 'மான்செஸ்டர்' என்று போர்டு இருந்தால் அங்கே பெட்ஷீட், தலையணை உறை, துண்டு கிடைக்கும். இங்கிலாந்தின் மான்செஸ்டரிலிருந்து பருத்தித் துணி வந்த காலத்துப் பெயர் அது.

விருந்துக்குக் கூப்பிட்டு 'பிரிங் எ பிளேட்' என்றால் வெறும் தட்டோடு போய்விடாதீர்கள். எல்லாரும் பகிர்ந்து சாப்பிட ஒரு பதார்த்தம் கொண்டு வரச் சொல்கிறார்கள். ஒரு டப்பா லெமன் சாதம் தாராளம். சிலர் 'டீ' என்பது ராத்திரிச் சாப்பாட்டை. எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாமும் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். பிரின்ஜால் இங்கே எக்பிளான்ட், லேடீஸ் ஃபிங்கர் ஓக்ரா. மீட்டிங்கில் 'ஐ ஹாவ் எ டவுட்' என்றால் அவர்கள் சொன்னதை நம்பவில்லை என்று படும். 'கொஸ்டின்' என்று சொல்லுங்கள்.

அப்பா அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது மட்டும் அரைகுறையாகப் புரிந்துகொண்டு தலையாட்டாதீர்கள், தயவுசெய்து. அரசின் மொழிபெயர்ப்புச் சேவை எண் 131 450. 24 மணி நேரமும் உண்டு. 'தமிழ்' என்று கேட்டால் தமிழ் பேசுபவரைப் போனில் இணைக்க ஏற்பாடு செய்வார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் நேரே 000.