லுவா டிசெக்டரில் பிட் ஃபிளாக்குகளைப் பிரித்துக் காட்டுவது எப்படி?

நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் லுவா ஸ்கிரிப்ட் ஓடும் அளவுக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். பாக்கெட்டின் பைட்டுகளைப் படித்துப் பொருள் சொல்லும் நிரல்தான் டிசெக்டர். பழக, இணையப் பெயருக்கு ஐபி முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸையே எடுங்கள். நம் டிசெக்டருக்குள் வயர்ஷார்க்கின் சொந்த டிஎன்எஸ் டிசெக்டரையும் கூப்பிட்டுவிட்டால், சரியான விடை பக்கத்திலேயே தெரியும். முதல் டிசெக்டரை சி மொழியில் எழுதாதீர்கள். லுவாவில் திருத்திவிட்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் அழுத்தினால் போதும், ஸ்கிரிப்ட் மறுபடி ஏறிவிடும்.

முதலில் தாளில் பிரித்துப் பாருங்கள். டிஎன்எஸ் செய்தியின் முதல் 2 பைட் ஐடி, அடுத்த 2 பைட் ஃபிளாக்குகள். சாதாரணப் பதிலில் ஹெக்ஸில் 8180 இருக்கும்: 1000 0001 1000 0000. முதல் பிட் 1 என்றால் இது பதில். அடுத்த 4 பிட் ஆப்கோடு, அதாவது என்ன வகைக் கோரிக்கை என்று சொல்லும் எண். அப்புறம் ஒவ்வொரு பிட்டாக ஏஏ (அதிகாரபூர்வப் பதில்), டிசி (பதில் துண்டிக்கப்பட்டது), ஆர்டி (முழு விடையையும் தேடித் தரக் கேட்பது), ஆர்ஏ (அப்படித் தேடித் தர முடியும் என்பது). அடுத்த 3 பிட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கடைசி 4 பிட் பிழை எண். அங்கே 3 வந்தால் அந்தப் பெயரே இல்லை என்று பொருள்.

இனி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபீல்டு, ஒரு மாஸ்க் (எந்த பிட்டுகளை எடுக்க வேண்டும் என்று காட்டும் எண்). பதில் பிட்டுக்கு ஹெக்ஸில் 8000, ஆப்கோடுக்கு 7800, ஆர்டிக்கு 0100. பூல் (ஆம் அல்லது இல்லை) ஃபீல்டில் அகலம் கேட்கும் இடத்தில் 1 போடக் கூடாது, 16 போட வேண்டும். அங்கே கேட்பது அந்த பிட் உட்கார்ந்திருக்கும் முழு ஃபீல்டின் அகலம். வயர்ஷார்க் விவரங்களைக் காட்டும் ட்ரீயில் சேர்க்கும்போதும் எல்லாவற்றுக்கும் அதே 2 பைட்டைத்தான் கொடுக்க வேண்டும்.

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் ஆப்கோடு. டைனமிக் அப்டேட் (டிஎன்எஸ் பதிவை மாற்றச் சொல்லும்) கோரிக்கையில் ஃபிளாக் ஹெக்ஸில் 2800 என்று வரும். அதைப் பார்த்து, எண்ணுக்குப் பெயர் தரும் பட்டியலிலும் 2800 என்று எழுதத் தோன்றும். எழுதினால் பெயர் வராது. மாஸ்க்கின் வலப்பக்கம் எத்தனை பூஜ்ய பிட் இருக்கிறதோ, அத்தனை இடம் வயர்ஷார்க்கே மதிப்பை வலப்பக்கம் நகர்த்திவிடுகிறது. இங்கே 11 இடம். மிஞ்சுவது 5. பட்டியலில் 5 என்றுதான் எழுத வேண்டும். நீங்களாக ஷிஃப்ட் செய்யவே வேண்டாம். சரியாக அமைந்தால் ட்ரீயில் .010 1... .... .... என்ற வரிக்கு எதிரே பெயர் வந்து நிற்கும்.

பின்சேர்க்கை: டிஎன்எஸ் செய்திகள் யுடிபியில் வந்தால் சரியாக வருகிறது, டிசிபியில் வந்தால் எல்லாம் குழம்புகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். டிசிபியில் டிஎன்எஸ் செய்திக்கு முன்னால் 2 பைட் நீளம் வரும். அதைத் தாண்டி, ஃபிளாக்குகளை 4ஆம் பைட்டிலிருந்து (0-இலிருந்து எண்ணினால்) படியுங்கள்.