"அகாப்பே" என்றாலே தெய்வ அன்பா?

பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிற விளக்கம் இது: கிரேக்கத்தில் அன்புக்கு நான்கு சொற்கள். ஈரோஸ் காமம், ஸ்டோர்கே குடும்பப் பாசம், ஃபிலியா நட்பு, அகாப்பே மட்டும் தேவனுடைய நிபந்தனையற்ற அன்பு. மனதில் பதிவதற்கு வசதியான பட்டியல்தான். ஆனால் கிரேக்க வேதத்தைத் திறந்து வாசித்தால் பட்டியல் நிற்காது.

பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜிந்த் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. அதில் 2 சாமுவேல் 13:15ஐப் பாருங்கள். தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைப் பலவந்தப்படுத்திய பிறகு, முன்பு அவள்மேல் வைத்திருந்த ஆசையைக் காட்டிலும் அதிகமாய் அவளை வெறுக்கிறான். அந்த ஆசைக்கு அங்கே நிற்கும் சொல் அகாப்பே! இதை வாசித்த பிறகும் அந்தச் சொல்லிலேயே புனிதம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? உன்னதப்பாட்டில் மரணத்தைப்போல் வலிதான காதலும் (8:6) அகாப்பேதான். ஆகவே கிறிஸ்தவர்கள் உண்டாக்கிய சொல் என்பதும் சரியல்ல. அதன் வினைச்சொல்லான அகபாவோ இன்னும் பழையது. பண்டைய கிரேக்கத்தில் அதற்குத் திருப்தியாயிருத்தல், பிரியம் வைத்தல் என்றெல்லாம் சாதாரணப் பொருள் உண்டு.

புதிய ஏற்பாட்டிலும் அப்படித்தான். தேவன் உலகத்தில் "அன்புகூர்ந்தார்" என்பது யோவான் 3:16. மூன்றே வசனம் தள்ளி, மனுஷர் இருளை விரும்பினார்கள் என்று வருகிறது. இரண்டுக்கும் அகபாவோ என்ற ஒரே வினைச்சொல். பவுலை விட்டுப்போன தேமா இந்த உலகத்தின்மேல் ஆசைவைத்ததற்கும் (2 தீமோத்தேயு 4:10) அதே சொல்.

அதிகமாய்த் தவறாக விளக்கப்படுகிற பகுதி யோவான் 21. தம்மேல் அன்பு உண்டா என்று பேதுருவிடம் இயேசு இரண்டு முறை அகபாவோ என்ற சொல்லால் கேட்கிறார், பேதுரு ஃபிலெயோ (ஃபிலியாவின் வினைச்சொல்) என்ற சொல்லால் பதில் சொல்கிறார், மூன்றாம் முறை இயேசுவும் ஃபிலெயோவுக்கு வருகிறார். நம் பழைய தமிழ் வேதாகமமும் "அன்பாயிருக்கிறாயா", "நேசிக்கிறாயா" என்று அந்த வேறுபாட்டைக் காத்திருக்கிறது. இதை வைத்து, பேதுருவால் மேலான அன்பைக் கொடுக்க முடியவில்லை, இயேசு இறங்கி வந்தார் என்று சொல்வதுண்டு. உருக்கமான விளக்கம்தான். ஆனால் அதே வசனங்களில் ஆட்டுக்குட்டி, ஆடு என்றும், மேய்ப்பதற்கு இரண்டு சொல்லும், அறிவதற்கு இரண்டு சொல்லும் மாறிமாறி வருகின்றனவே. சொல்லை மாற்றி எழுதுவது யோவானின் வழக்கம். பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார் என்பதை 3:35இல் அகபாவோ என்றும், 5:20இல் ஃபிலெயோ என்றும் எழுதியவர் அவர். பிதாவின் அன்பு இடையில் குறைந்துபோனதா என்ன? பேதுரு துக்கப்பட்டது, மூன்றாந்தரமும் கேட்டதால். வசனமே அப்படிச் சொல்கிறது.

இன்னொன்று, ஓரிடத்தின் பொருளை எல்லா இடத்திலும் ஏற்றக்கூடாது. யூதாவின் நிருபம் 12ஆம் வசனத்தில் அகாப்பே பன்மையில் வரும்போது விசுவாசிகள் கூடி உண்ட அன்பின் விருந்துகளைக் குறிக்கிறது. இன்றைய கிரேக்கத்தில் காதலர்கள் சொல்லிக்கொள்ளும் "சகாப்போ"வும் (உன்னை நேசிக்கிறேன்) அகபாவோ வழி வந்ததுதான்.

அகாப்பே என்று எழுதியவுடன் எல்லாருக்கும் தியாக அன்பு விளங்கியிருந்தால், 1 கொரிந்தியர் 13இல் பவுலுக்கு அத்தனை வேலை இருந்திருக்காது. நீடிய சாந்தம், தயவு, பொறாமையில்லை, இறுமாப்பில்லை என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் அந்தச் சாதாரணச் சொல்லை நிரப்பினார்.