செட்டிநாட்டு ஓட்டலில் இருபது பேர் விருந்து: போனிலேயே பேச வேண்டியவை

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளை ஓட்டலாக்கிய இடங்களில் கூட்டமாகச் சாப்பிட்டு ஏமாந்தவர்கள் மாஸ்டரின் கைப்பக்குவத்தைக் குறை சொல்வார்கள். பாதிக்கு மேல் கோளாறு ஆர்டர் கொடுத்த விதத்தில் இருக்கும்.

வெள்ளைப் பணியாரத்தையே பாருங்கள். சின்னச் சட்டியில் காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி மாவு; உப்பி எழும்பியதும் திருப்பி, சிவக்கும் முன் எடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 20 பேருக்குத் தலைக்கு 2 வீதம் 40 நிமிடம். அதற்குள் முதலில் சுட்டது ஆறி, சவசவத்துவிடும். இரண்டு சட்டி வைத்து, சுடச்சுட எட்டு எட்டாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். கோலா உருண்டைக்கும் இதேதான். எல்லாரும் உட்கார்ந்த பிறகு பொரித்தால் போதும்.

இனிப்புக்கான கவுனி அரிசி (கறுப்பரிசி) முதல் நாள் இரவே ஊற வேண்டும். மேஜையில் அமர்ந்து கேட்டால், ஃபிரிட்ஜில் இறுகிக் கிடந்ததுதான் வரும்.

அதனால் மூன்று நாள் முன்பே பேசுங்கள். தலைக்கணக்கு, அதில் சைவம் எத்தனை, உட்காரும் நேரம் மூன்றையும் வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்புங்கள். செவ்வாய், வெள்ளி, கார்த்திகை என்றால் சைவக் கணக்கை மறுபடி கேளுங்கள், கடைசி நேரத்தில் கூடும். ஆளுக்கொரு ஐட்டம் கேட்டால் அடுப்பு திணறும். பாதிப் பேர் கை கழுவும்போது மீதிப் பேருக்கு இலையில் ஒன்றும் இருக்காது. எல்லாருக்கும் ஒரே பட்டியல் போதும்: கோலா, உப்புக் கறி (மிளகாய் போட்ட ஆட்டுக்கறி வறுவல், 20 பேருக்கு எலும்போடு 3 கிலோ), ஒரு மீன் குழம்பு, இடியாப்பம் 60, சோறு, ரசம், கவுனி. சைவத்துக்கு வாழைப்பூ கோலா, மண்டி (அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கும் காய்கறிப் புளிக்குழம்பு).

விலையை வரியோடு சேர்த்துக் கேளுங்கள். ஜிஎஸ்டி பொதுவாக 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டலில் 18 வரலாம். சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லலாம், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

விருந்தன்று ஓட்டல்காரர்களிடம் பேச உங்கள் தரப்பில் ஒரே ஒருவர் போதும். கறி ஆறியிருந்தால் முதல் வாயிலேயே சப்ளையரைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். கிண்ணம் காலியான பிறகு சொன்னால் மாற்றித் தர எதுவும் இருக்காது.