விளையாட்டுக் குழுவில் வெகுமதியும் தண்டனையும்: நடத்துநருக்குச் சில வழிகள்

இணைய விளையாட்டுக் குழுவை நடத்துபவர், தண்டனையின் கடுமையை விட அதன் வேகத்திலும் தெளிவிலும் கவனம் செலுத்த வேண்டும். வசைபாடிய ஒருவரை மூன்று வாரம் கழித்துக் காரணம் சொல்லாமல் தடைசெய்தால், அவர் தம் தவற்றை உணராமல், நடத்துநர்மீது வன்மம் வளர்த்துக்கொண்டு புதுக் கணக்குடன் திரும்பி வருவார். ஆகவே, அன்றைக்கே, அவர் தட்டச்சு செய்த அதே வரியைச் சுட்டிக்காட்டி, ஒரு நாள் அரட்டைத் தடை விதியுங்கள். 'டோட்டா 2' ஆட்டத்தில், அடிக்கடி பாதியில் வெளியேறுபவர் தாழ்முன்னுரிமை வரிசைக்கு, அதாவது அவரைப் போல் விதிமீறியவர்களுடனேயே ஆட வேண்டிய தனி வரிசைக்கு, தள்ளப்படுகிறார். அங்கே குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ஆட்டங்களில் வென்ற பிறகே அவர் மீள முடியும்.

வெகுமதியை, 2018இல் 'ஓவர்வாட்ச்' ஆட்டம் செய்தது போல, சக ஆட்டக்காரர்களே பாராட்டாக வழங்கட்டும். அந்தப் பாராட்டுக்குப் பெரிய பரிசு வைத்தால், நண்பர்கள் தங்களுக்குள் பாராட்டுகளைப் பரிமாறிக்கொள்ளத் தொடங்குவார்கள் (தொடங்காவிட்டால்தான் வியப்பு). பெயருக்கு அருகே ஒரு சிறு சின்னம் போதும்.