வேலையிடத்தில சிகரெட் விடுற குறூப் நடத்தப் போறியளோ? இந்தப் பிழையள விடாதேங்கோ

புதுசா குறூப் நடத்துற பிள்ளையளோட போய்ப் பின்வாங்கில இருந்து பாக்கிறது எனக்கு வழக்கம். போன கிழமை, கிளிநொச்சிப் பக்கம் ஒரு அரிசி மில்லில நான் முந்தி விட்ட அதே பிழையை ஒரு தம்பி அச்சொட்டாச் செய்யுறதைப் பாத்திட்டு வந்துதான் இதை எழுதுறன். பழுதான நுரையீரல் படம் காட்டிப் பயப்படுத்தாதேங்கோ, புத்திமதி சொல்லாதேங்கோ எண்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதுகளை விடுவம்.

சத்தியமும் பேர்ப்பலகையும்

முதல் நாளே எல்லாரையும் எழுப்பி "அம்மாளாச்சி மேல சத்தியமா இனித் தொடமாட்டன்" எண்டு சொல்ல வைக்கிறது, பிறகு சாப்பாட்டு அறையில பேரெல்லாம் எழுதித் தொங்கவிட்டு, தொடாதவருக்குப் பச்சைப் புள்ளி, பத்தினவருக்குச் சிவப்புப் புள்ளி.

நானும் இதைத்தான் செய்தனான். 11 பேர் இருந்தவை. அதில லொறி ஓடுற அண்ணை ஒராள், 19 நாள் ஒண்டும் தொடாம இருந்தவர், முள்ளியவளைப் பக்கம் ஒரு செத்தவீட்டுக்குப் போனார், எங்கட செத்தவீடுகள்ல வெத்திலைத் தட்டத்தோட சிகரெட்டும் வரும்தானே, இரவு முழுக்க முழிச்சிருந்த மனுசன் ஒண்டை எடுத்துப் பத்திப்போட்டார். ஒண்டே ஒண்டு. அதையும் அவரே வந்து என்னட்டச் சொன்னவர். நான் போய்ச் சிவப்புப் புள்ளி வைச்சன்.

அடுத்த கிழமை அவர் வரேல்லை. அதுக்கடுத்த கிழமை அவரோட லொறியில போற ரெண்டு பொடியளும் வரேல்லை. வீட்ட போய்க் கூப்பிட்டன், "சத்தியத்தை முறிச்சிட்டன் தங்கச்சி, இனி எந்த முகத்தோட வந்து அங்க இருக்கிறது" எண்டார். குறூப் முடியேக்க அவர் பழையபடி நாளைக்கு ஒரு பெட்டி. இப்பவும் அந்தப் பலகையை நினைச்சா எனக்கு வயித்தெரிச்சல்தான்.

நிக்கொட்டினை விட்டவருக்கு முதல் 3 நாள்தான் ஆகக் கஷ்டம், பிறகும் 2, 4 கிழமைக்குக் கோவமும் நித்திரைக் குழப்பமும் இருக்கும், அதெல்லாம் தாண்டினாலும் செத்தவீடு கலியாணவீட்டில ஆசை திடீரெண்டு வரும். கனபேர் பலதரம் விட்டுப் பிடிச்சுத்தான் கடைசியா விடுகினம். சறுக்கின அண்டைக்குத்தான் ஒராளுக்கு குறூப் தேவை, அண்டைக்கு அவர் வர வெக்கப்படுற மாதிரி நாங்களே செய்து வைச்சா மிச்ச நாள் கூடி என்ன பிரியோசனம்?

இப்ப நான் சத்தியம் கேக்கிறேல்லை. "இந்தக் கிழமை எந்த இடத்தில கஷ்டமா இருந்தது?" எண்டு மட்டும் கேப்பன். சறுக்கினவர் சொல்லுவார், மற்றவை தட்டம் வரேக்க தாங்கள் என்ன செய்யிறவை எண்டு சொல்லுவினம், ஒராள் கராம்பு வாயில போடுவார், இன்னொராள் எழும்பித் தண்ணி குடிக்கப் போவார். ஆசை சில நிமிசத்தில இறங்கிடும், அந்தச் சில நிமிசத்தைக் கடத்த வழி இருந்தாக் காணும்.

மனேச்சரை உள்ளுக்க விடுறது

கூடாது. ஆர் வந்தது வராதது எண்ட லிஸ்ற்றும் அவருக்குப் போகக்கூடாது.

அறுவடைக்க நாள் குறிக்கிறது

மாசி, பங்குனியில காலபோக நெல்லு வந்து குவியேக்க மில்லில இரவு பகல் வேலை. அதுக்க விடுற நாளைக் குறிச்சா நித்திரையில்லாத ஆக்கள் ரெண்டு நாளும் தாங்காயினம். அறுவடை முடியட்டும்.

தேத்தண்ணியை மறக்கிறது

இது கனபேருக்குத் தெரியாது. சிகரெட் புகை, ஈரல் கஃபீனைக் கெதியா உடைக்கிற மாதிரிச் செய்யும். விட்ட பிறகு அதே 6 பிளேன்ரீயைக் குடிச்சா கஃபீன் உடம்பில கூட நேரம் நிக்கும், நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது, அவர் அதெல்லாம் சிகரெட்டை விட்டதாலதான் எண்டு நினைச்சுத் திரும்பப் போய்ப் பத்துவார். விடுற நாளில இருந்தே பாதியாக் குறைக்கச் சொல்லுங்கோ.

வெத்திலை புகையிலைக்கு மாறினவரை விட்டவரா எண்ணுறது

அவர் விடேல்லை. பாக்கும் தனியாவே வாய்ப்புற்றுநோய்க்குக் காரணம்.

கிழமைக்கு ஒருநாள் கூட்டம் காணும் எண்டு இருக்கிறது

மிச்சம் 6 நாளும் அவர் தனிய. சிகரெட் விட உதவி கேக்கிறதுக்கு இருக்கிற, புகையிலை மதுசார அதிகார சபையின்ர 1948 நம்பரை முதல் நாளே போனில போட வையுங்கோ, கூடவே குறூப்பில இருக்கிற ஒராளின்ர நம்பரையும்.