இரட்டைத் தொட்டிச் சலவை இயந்திரம் நின்றுபோனால்: புதிது வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பல ஆண்டுகள் ஓடிய சலவை இயந்திரம் ஒருநாள் உறுமிவிட்டு நின்றுவிட்டால், எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதிது எடுக்கச் சொல்லாதவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். காட்பாடியில் எங்கள் வீட்டுச் செமி ஆட்டோமேட்டிக் இயந்திரத்தைப் பார்க்க வந்தவர், பின்பக்க மூடியைக் கழற்றாமலே மோட்டார் போய்விட்டது என்று சொல்லிச் சென்றார். கழற்றிப் பார்த்தபோது மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. செயலிழந்திருந்தது, மோட்டார் சுற்றத் தொடங்க உதவும், அதன் பக்கத்தில் இருந்த கண்டென்சர் மட்டுமே. துவைக்க ஒரு தொட்டியும் பிழிய ஒரு தொட்டியுமாக வரும் இவ்வகை இயந்திரத்தில் பெரும்பாலும் மின்னணுப் பலகையே கிடையாது. இரண்டு மோட்டார், அவற்றுக்கான கண்டென்சர், இரண்டு டைமர், ஒரு பெல்ட், சில ரப்பர் உறுப்புகள், இவ்வளவுதான் அதன் உள்ளடக்கம் என்பதால், பொறுமையாக வரிசைப்படி பார்ப்பவருக்குப் பழுது எங்கே என்பது தெரிந்துவிடும்.

வேலூர்ப் பக்கத்தில் இந்த வரிசையைத் தீர்மானிப்பது தண்ணீர். குடிநீரில் கடினத்தன்மை, அதாவது கரைந்துள்ள சுண்ணாம்பு, மெக்னீசிய உப்பின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், மாற்று நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. பாலாற்றங்கரையின் தோல் பதனிடும் ஊர்களில் நிலத்தடி நீர் கெட்டது 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்ற செய்தி. போர் தண்ணீரில் துவைக்கும் வீடுகளில் அந்த உப்பு வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிவதைப் போலவே இயந்திரத்துக்குள்ளும் படிகிறது. அது ரப்பரை விறைக்கச் செய்து, இரும்பைத் துருப்பிடிக்க வைத்து, வால்வை மூடவிடாமல் தடுக்கிறது. ஆகவே முதலில் சந்தேகிக்க வேண்டியவை ரப்பர், திருகு, ஒயர் முனை ஆகியவையே. மோட்டாரைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூடியைக் கழற்றும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்; பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரல் ஒயரில் போடப்பட்டிருந்தால் அணைத்த பிறகும் இயந்திரத்தில் மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம் என்பதால், குண்டு பல்பு மாட்டிய ஹோல்டரின் இரு ஒயர்களையும், காப்பிட்ட பகுதியைப் பிடித்துக்கொண்டு, அதன் முனைகளில் சில விநாடிகள் தொட்டு அதை வெளியேற்றிவிட வேண்டும். இயந்திரத்தின் உடம்பைத் தொடும்போது ஏற்கெனவே சுறுசுறுவென்று ஷாக் தெரிந்திருந்தால், வீட்டின் எர்த் இணைப்பைச் சரிபார்க்காமல் மற்ற எதிலும் இறங்க வேண்டாம். 30 மில்லியாம்பியர் மின்கசிவிலேயே தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாத வீட்டில் அதைப் பொருத்திக்கொள்வது இந்த வேலையின் முதல் செலவாக இருக்கட்டும். ஈரக் கையோடு தொடும் கருவி சலவை இயந்திரம்.

துவைக்கும் பக்கம் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றால், முதலில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் விசை ஏறத்தாழ 60 விழுக்காடாகிவிடும். கோடை மாலையில் நின்றுபோகும் இயந்திரம் விடியற்காலையில் ஓடினால் பழுது இயந்திரத்தில் இல்லை. எந்நேரமும் நிற்கிறது என்றால், பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, மோட்டார் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றும் மோட்டார் மின்சாரம் கொடுத்ததும் உறுமி மட்டும் நின்றால், அநேகமாகக் கண்டென்சரே காரணம். கையாலேயே சுற்ற மறுத்தால், தண்டைத் தாங்கும் பேரிங் அல்லது புஷ் பிடித்திருக்கிறது. பெல்ட் இல்லாமல் ஓடி, பெல்ட் போட்டதும் நின்றால், தொட்டிக்குள் சுழலும் பல்சேட்டருக்கு அடியில் ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது கியர் பெட்டி இறுகிவிட்டது.

பல்சேட்டரை நடுவிலுள்ள ஒரே திருகுதான் பிடித்திருக்கும். அந்தத் திருகு உப்பில் இறுகியிருந்தால் சிறிது எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைக்க வேண்டும். முரட்டுத்தனமாகத் திருகித் தலையைத் தேய்த்துவிட்டால் வேலை பல மடங்காகும். திருகு வந்த பிறகு, நைலான் கயிற்றை இரு பக்கமும் விளிம்புக்கு அடியில் நுழைத்து நேராக மேலே இழுத்தால் பல்சேட்டர் வந்துவிடும். அடியில் ஊக்கு, நாணயம், புடவை நூல், தலைமுடி என்று எத்தனையோ கிடைக்கும்.

கண்டென்சரை வாங்கும்போது அதன் மேல் அச்சிட்டுள்ள மைக்ரோஃபாரட் அளவு பழையதற்குச் சமமாகவே இருக்க வேண்டும். வோல்ட் அளவு சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். துவைக்கும் மோட்டாருக்கு ஏறத்தாழ 10, பிழியும் மோட்டாருக்கு ஏறத்தாழ 5 என்று வருவது வழக்கம் என்றாலும், வழக்கத்தை நம்பாமல் பழைய உறுப்பையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். சில இயந்திரங்களில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் என்பதால், ஒயர்களைப் பிரிக்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது அவசியம்.

துவைக்கும் மோட்டார் வலமும் இடமும் மாறி மாறிச் சுற்ற வேண்டியது. ஒரு பக்கம் மட்டும் சுற்றினால் மோட்டாரை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. அதை ஏற்க வேண்டாம். அந்த மோட்டாரின் இரு சுருள்களும் சமமானவை. டைமர்தான் மின்சாரத்தை மாற்றி மாற்றி அனுப்புகிறது. பொது ஒயருக்கும் மற்ற இரண்டு ஒயர்களுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஏறத்தாழ ஒரே ஓம் அளவும், அந்த இரண்டு ஒயர்களுக்கு இடையே அதன் இருமடங்கும் காட்டினால் சுருள்கள் அறுபடவில்லை, பழுது டைமரின் தொடுமுனையிலோ எலி கடித்த ஒயரிலோ இருக்கிறது என்று கொள்ளலாம். ஓம் அளவே காட்டாமல் சுருள் அறுந்திருந்தாலோ, எந்த ஒயரிலிருந்தாவது மோட்டாரின் உடம்புக்கு இணைப்புக் காட்டினாலோதான் சுருள் கெட்டது. அப்போதும் வழி உண்டு: கிணற்று மோட்டாருக்குச் சுருள் (காயில்) கட்டும் பட்டறையில் விசாரித்துப் பாருங்கள். கட்டுவதாக இருந்தால் செம்புக் கம்பியிலேயே கட்டச் சொல்லுங்கள்.

துவைக்கும்போதே தண்ணீர் மெல்ல வடிந்துவிடுகிறது என்றால், வெளியேற்று வால்வின் மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளேயிருக்கும் ஸ்பிரிங்கையும் ரப்பரையும் கழுவி, ரப்பர் அமரும் விளிம்பிலுள்ள உப்புப் படிவை நகத்தால் சுரண்டி எடுத்தாலே பெரும்பாலும் போதும்.

இனி, நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவது பிழியும் பக்கத்தைப் பற்றி. பிழியும் கூடையின் தண்டு தொட்டியின் அடித்தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழேயுள்ள மோட்டாரோடு இணைகிறது. தண்ணீர் அந்தத் துளை வழியே இறங்காமல் காப்பது மடிப்புமடிப்பான ஒரு ரப்பர் சீல். நம் தண்ணீரில் இது விறைத்து வெடித்தால், சோப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நேராகப் பிழியும் மோட்டாரின் மேல் விழுகிறது. இயந்திரத்துக்கு அடியில் பிழியும் பக்கம் மட்டும் ஈரம், மோட்டாரின் மேல் கறுப்பு வழிதடம், அவ்வப்போது ஆர்.சி.சி.பி. விழுவது ஆகிய அறிகுறிகளைப் பார்த்தும் சில மாதங்கள் கடத்தினால், ஒரு சிறு ரப்பருக்காக ஒரு மோட்டாரை இழக்க நேரும். நன்றாக ஓடக்கூடிய இயந்திரங்கள் இரும்புக் கடைக்குப் போவதற்கு இந்த அலட்சியம் ஒரு முக்கியக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

சீலை மாற்ற, பின்பக்கம் வழியாகத் தண்டை மோட்டாரோடு பிணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, கூடையை மேல்நோக்கி உருவி எடுக்க வேண்டும். பழைய சீலைக் கழற்றி, அது அமர்ந்த இடத்தையும் தண்டையும் துடைத்து, தண்டில் துரு இருந்தால் மெல்லிய எமரித் தாளால் வழவழப்பாகத் தேய்த்த பிறகே புதியதைப் பொருத்த வேண்டும். சொரசொரப்பான தண்டு புதிய சீலையும் விரைவில் தின்றுவிடும். சீலின் உதட்டில் தண்ணீருக்குக் கரையாத கிரீஸ் சிறிது தடவுங்கள். தண்டின் பருமனுக்கு ஏற்பச் சீல் மாறும் என்பதால் இங்கும் பழையதைக் கையோடு கொண்டு செல்வதே சரி.

கூடையைத் திரும்ப இறக்கியதும் பிரேக்கைப் பார்க்கவும். மின்சாரம் இல்லாத நிலையில், மூடியைத் திறந்தால் கூடை பிடித்து நிற்க வேண்டும், மூடினால் தடையின்றிச் சுற்ற வேண்டும். மூடிய பிறகும் உரசினால் பிரேக் ஒயர் தளர்ந்திருக்கிறது; மெதுவாகச் சுற்றுவதும் கருகிய வாடை வருவதும் இதனால்தான். மூடியும் ஓடவே இல்லையென்றால் மூடிக்கு அடியிலுள்ள சுவிட்சைச் சோதிக்கவும்.

முழுத் தானியங்கி இயந்திரத்தில் வீட்டிலேயே செய்யக்கூடியது குறைவு. தண்ணீர் ஏறாமல் நின்றால் குழாய் இணையும் இடத்திலுள்ள சிறு வலையைக் கழுவுங்கள். மாடித் தொட்டி மூன்று மீட்டர் உயரம்கூட இல்லாவிட்டால் அழுத்தம் போதாமல் போகலாம். முன்பக்கம் திறக்கும் இயந்திரத்தில் டிரம் பேரிங் இரைந்தால் பயிற்சி உள்ளவரிடம் விடுவதே நல்லது. இரட்டைத் தொட்டி இயந்திரத்திலும், பிளாஸ்டிக் தொட்டி அடியில் விரிசல் விட்டிருந்தாலோ மோட்டாரைத் தாங்கும் இரும்புத் தளம் துருவில் பொடிந்திருந்தாலோ செலவு செய்ய வேண்டாம்.

பழுது நீங்கிய இயந்திரத்தில் உப்பைக் கரைக்க, துவைக்கும் தொட்டியில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பி, 100 கிராம் சிட்ரிக் அமிலப் பொடியைக் கலந்து சில நிமிடம் ஓட்டி, ஒரு மணி நேரம் ஊறவைத்து வெளியேற்றி, நல்ல தண்ணீரில் இருமுறை அலசுங்கள். அந்த நேரத்தில் பிளீச்சிங் பவுடரோ பிளீச் கலந்த திரவமோ சேர்த்துவிடக் கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும்.

கடைசியாக, பிழியும் மோட்டாருக்கு நேர் கீழே தரையில் உலர்ந்த செய்தித்தாளை விரித்து, ஈரத் துணிகளைக் கூடையில் சமமாகப் பரப்பி, பின்பக்க மூடியை மாட்டிய பின் ஐந்து நிமிடம் பிழிய விடுங்கள். தாளில் ஒரு சொட்டும் விழாமல் இருந்தால், எலி ஏறாதபடி அடிப்பக்கத்துக்கு இரும்பு வலை அடித்து, இயந்திரத்தை அதன் இடத்தில் நிறுத்திவிடலாம்.